பைலட் ஆகணும்: ஃப்ளையிங் ஸ்கூலில் சேருமுன் கேட்கப்படும் கேள்விகள்

விருதுநகர் பக்கத்தில் ஒரு சிறிய ஊரிலிருந்து போய்ப் பறக்கக் கற்றுக்கொண்டவன் நான். சில வருடம் ஃப்ளையிங் ஸ்கூலில் இன்ஸ்ட்ரக்டராக இருந்தேன். இப்போது ஒரு ஏர்லைனில் கோ-பைலட். பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும், போன் ஓயாது. தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள், பையனோ பெண்ணோ பைலட் ஆகணும் என்று சொல்கிற பெற்றோர்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும்? முதலில் பள்ளியைத் தேடுவதா?

இல்லை. பள்ளி மூன்றாவதாக வர வேண்டியது. முதலில் மெடிக்கல், அடுத்து பேப்பர், அப்புறம்தான் பள்ளியும் பணமும். என்னிடம் ஒரே ஒரு விஷயம் கேட்டுக்கொள்வதாக இருந்தால் இந்த வரிசையைக் கேட்டுக்கொள்ளுங்கள். வரிசையை மாற்றியதால் லட்சக்கணக்கில் இழந்த குடும்பங்களை நேரில் பார்த்திருக்கிறேன்.

ஒரு பையன் வந்தான். அப்பா நிலத்தை விற்று முதல் தவணை 15 லட்சம் கட்டிவிட்டார். சேர்ந்த பிறகு மெடிக்கலுக்குப் போனால், அவனுக்குப் பச்சையும் சிவப்பும் பிரித்துத் தெரியவில்லை. பதினெட்டு வருடமாக வீட்டில் ஒருவருக்கும் அது தெரியாது, அவனுக்கே தெரியாது. பள்ளி பாதிப் பணத்தைக்கூடத் திருப்பித் தரவில்லை. முதலில் சில ஆயிரம் செலவழித்து மெடிக்கல் எடுத்திருந்தால் அந்த நிலம் இன்றைக்கும் அவர்கள் கையில் இருந்திருக்கும்.

என்ன படித்திருக்க வேண்டும்? என் மகள் காமர்ஸ் எடுத்திருக்கிறாள்.

வணிக விமானி உரிமம், அதாவது சி.பி.எல்., வாங்க 18 வயது நிறைந்திருக்க வேண்டும். பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் பாஸ் செய்திருக்க வேண்டும். இந்த விதியைத் தளர்த்தலாம் என்ற பேச்சு 2025-ல் எழுந்தது. அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். காமர்ஸ், ஆர்ட்ஸ் படித்தவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் இயற்பியல், கணிதம் இரண்டை மட்டும் தனியாக எழுதிப் பாஸ் செய்துவிட்டு வருகிறார்கள். என் கூடப் படித்தவர்களிலேயே இரண்டு பேர் அப்படி வந்தவர்கள்தான்.

மாணவ விமானி உரிமம் 16 வயதிலேயே கிடைக்கும், பத்தாவது பாஸ் போதும். ஆனாலும் பிளஸ் டூவை முடித்துவிட்டு வருவதே நிம்மதி.

கண்ணாடி போட்டிருந்தால் முடியாதா?

தாராளமாக முடியும். என் பக்கத்தில் உட்காரும் கேப்டன்களில் பாதிப் பேர் கண்ணாடி போட்டவர்கள். கண்ணாடியோடு பார்வை சரியாக வந்தால் போதும். இது விமானப்படை விதியோடு குழம்பி, ஊரில் பலர் பிள்ளைகளின் ஆசையை எட்டாம் வகுப்பிலேயே அணைத்துவிடுகிறார்கள்.

மெடிக்கலில் இரண்டு படி உண்டு. முதலில் கிளாஸ் 2. டி.ஜி.சி.ஏ., அதாவது சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், அங்கீகரித்த மருத்துவர்கள் இதைச் செய்வார்கள், சென்னையிலும் இருக்கிறார்கள். ரத்தம், சிறுநீர், ஈ.சி.ஜி., எக்ஸ்-ரே, காது கேட்கும் திறன், கண் என்று வரிசையாகப் பார்ப்பார்கள். அடுத்தது கிளாஸ் 1. இதற்கு வெகுகாலமாகப் பெங்களூரிலும் டெல்லியிலும் உள்ள விமானப்படை மருத்துவ மையங்களுக்குத்தான் போவோம். இப்போது தனியார் மையங்களுக்கும் அனுமதி உண்டு. சி.பி.எல். வாங்க கிளாஸ் 1 கட்டாயம், வாங்கிய பிறகு ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும்.

'தற்காலிகமாகத் தகுதியில்லை' என்று எழுதிவிட்டால் மனம் உடைந்துவிடாதீர்கள். எடை கூடுதல், ரத்த அழுத்தம், அல்ட்ராசவுண்டில் ஒரு சின்னக் கல் என்று பல காரணம் இருக்கும். சரிசெய்துவிட்டுத் திரும்பப் போகலாம். மெடிக்கலில் எதையும் மறைக்காதீர்கள், அது மட்டும் என் வேண்டுகோள். சிறுவயதில் வலிப்பு வந்ததை மறைத்தால், பின்னால் அந்த உடம்பை நம்பிப் பின்சீட்டில் 180 பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

பேப்பர் என்றால் என்ன? தமிழ் மீடியத்தில் படித்தவர்களால் எழுத முடியுமா?

முடியும். நானே பத்தாவது வரை தமிழ் மீடியம்.

டி.ஜி.சி.ஏ. தளத்தில் பதிவு செய்து முதலில் கம்ப்யூட்டர் நம்பர் வாங்க வேண்டும். அதுதான் உங்கள் தேர்வு அடையாள எண். எழுத வேண்டியவை: ஏர் நேவிகேஷன், வானிலையியல், ஏர் ரெகுலேஷன், டெக்னிகல் ஜெனரல், அப்புறம் நீங்கள் பறக்கப்போகும் விமானத்துக்கான டெக்னிகல் ஸ்பெசிஃபிக். எல்லாம் கொள்குறி வகை, பாஸ் மார்க் 70 சதவீதம். இதோடு கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு வானொலியில் பேசுவதற்கான ஆர்.டி.ஆர். உரிமம். வெகுகாலம் இதைத் தொலைத்தொடர்புத் துறைதான் நடத்திவந்தது. 2025-ல் நடைமுறைக்கு வந்த புதிய விமானச் சட்டம் இதை டி.ஜி.சி.ஏ. கைக்கு மாற்றியது.

ஆங்கிலம் பயமாக இருக்கிறது என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பாடத்தை முதலில் தமிழில் புரிந்துகொள்ளுங்கள். புரிந்த பிறகு ஆங்கிலச் சொல் தானாக ஒட்டிக்கொள்ளும். வானிலையியலை எடுத்துக்கொள்ளுங்கள். கடற்காற்று ஏன் மதியத்துக்கு மேல் வருகிறது? வெயிலில் நிலம் சீக்கிரம் சூடாகிறது, கடல் மெதுவாகச் சூடாகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று லேசாகி மேலே போகிறது, அந்த இடத்தைப் பிடிக்கக் கடல்பக்கத்துக் காற்று உள்ளே வருகிறது. சென்னையில் மெரினா பக்கம் வளர்ந்த பிள்ளைக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐப்பசி கார்த்திகையில் வங்கக்கடலில் தாழ்வுநிலை உருவாவதை வருடா வருடம் டிவியில் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்த அறிவோடு புத்தகத்தைத் திறந்தால் பாதி பாடம் முன்பே தெரிந்ததாக இருக்கும்.

நேவிகேஷனில் ஒரு சூத்திரம் வரும், அறுபதில் ஒன்று என்பார்கள். 60 கடல்மைல் தூரம் போகும்போது திசை 1 டிகிரி தப்பினால், போய்ச் சேரும் இடத்தில் 1 கடல்மைல் விலகியிருப்பீர்கள். 5 டிகிரி தப்பினால் 5 மைல். இதை வைத்துக்கொண்டு பேப்பரோ பேனாவோ இல்லாமல் காக்பிட்டில் மனக்கணக்காகவே திருத்தம் போடலாம். உயரமானியும் அப்படித்தான், காற்றழுத்தத்தை வைத்துத்தான் அது உயரத்தைக் காட்டும். காற்றழுத்தத்தில் 1 ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம் சுமார் 30 அடி உயரத்துக்குச் சமம். அழுத்தம் கூடிய ஊரிலிருந்து குறைந்த ஊருக்கு, உயரமானியைத் திருத்தாமல் பறந்தால், அது காட்டுவதைவிட நீங்கள் தாழ்வாகப் போய்க்கொண்டிருப்பீர்கள். 10 ஹெக்டோபாஸ்கல் என்றால் 300 அடி. மலைப்பக்கத்தில் அந்த 300 அடி என்னவாகும் என்று யோசித்தால், ஏன் 70 மார்க் கேட்கிறார்கள் என்பது விளங்கும்.

பள்ளியில் சேருமுன்பே குறைந்தது மூன்று பேப்பரை முடித்துவிடுங்கள். விமானம் காத்திருக்கும்போது நீங்கள் ஹாஸ்டலில் புத்தகத்தோடு போராடக்கூடாது.

200 மணி நேரம் என்கிறார்கள். அதில் என்னென்ன இருக்கும்?

சி.பி.எல்.லுக்குக் குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் நீங்களே பொறுப்பு விமானியாக. அந்த 100-க்குள் 20 மணி நேரம் கிராஸ் கன்ட்ரி, அதாவது ஒரு நிலையத்திலிருந்து வேறு ஊருக்குப் பறந்து போவது. அதில் ஒன்றாவது 300 கடல்மைல், அதாவது சுமார் 555 கிலோமீட்டர், வழியில் இரண்டு வேறு வேறு விமான நிலையங்களில் இறங்கி நின்று புறப்படும் பயணமாக இருக்க வேண்டும். 10 மணி நேரம் வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பது, அதில் 5 மணி வரை சிமுலேட்டரில் செய்யலாம். இரவுப் பறத்தல் 5 மணி நேரம், பத்து முறை ஏறி இறங்க வேண்டும்.

ஏர்லைன் வேலைக்கு இது மட்டும் போதாது. உரிமத்தோடு சேரும் கூடுதல் தகுதியை ரேட்டிங் என்பார்கள். கருவிப் பறத்தலுக்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங், இரட்டை எஞ்சின் ரேட்டிங் இரண்டும் வேண்டும். பெரும்பாலான பள்ளிகள் இவற்றை 200-க்குள்ளேயே அடக்கித் திட்டமிடும்.

எத்தனை மாதம் ஆகும்? விளம்பரத்தில் 12 மாதம் என்று இருக்கும். இந்தியாவில் 18 முதல் 24 மாதம் என்று மனதில் வைத்துக்கொண்டு வாடகை, சாப்பாடு, வட்டி எல்லாவற்றையும் கணக்குப் போடுங்கள். மழைக்காலத்தில் மேகம் இறங்கிவிடும், வடக்கே டிசம்பர், ஜனவரியில் பனிமூட்டம், கோடையில் மதிய வெயிலில் காற்று லேசாகி விமானம் ஏறத் திணறும். இவையெல்லாம் போக மீதி நாளில்தான் பறக்க முடியும்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

காலை நாலரைக்கு எழுந்துவிட வேண்டும். காற்று அமைதியாக இருப்பது விடிகாலையில்தான். முதல் வேலை மூச்சுப் பரிசோதனைக் குழாயில் ஊதுவது. மாணவர்களும் ஊத வேண்டும், அளவு சுழியமாக இருக்க வேண்டும். முதல் நாள் குடிக்காதவர்கள்கூட மவுத்வாஷ் கொப்பளித்துவிட்டு வந்து மாட்டிக்கொள்வது உண்டு, அதனால் அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

அடுத்து வானிலைத் தகவல், அப்புறம் விமானத்தைச் சுற்றி வந்து பார்ப்பது. எனக்குப் பிடித்த பத்து நிமிடம் அது. இறக்கைக்கு அடியில் இருக்கும் வால்வை அழுத்திக் கொஞ்சம் பெட்ரோலைச் சின்ன டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்போம். விமான பெட்ரோல் இளநீலமாக இருக்கும். தண்ணீர் கலந்திருந்தால் அது கனம் என்பதால் அடியில் தனியாக முத்து போல நிற்கும். பனி விழுந்த இரவுக்கு மறுநாள் இதை நான் இரண்டு முறை செய்யச் சொல்வேன். எஞ்சின் ஆயில், டயர், கட்டுப்பாட்டுப் பரப்புகளின் பின்கள் எல்லாவற்றையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். மெக்கானிக் பார்த்துவிட்டார் என்று நினைத்து விட்டுவிடுகிற பிள்ளையை நான் அன்றைக்கு மேலே கூட்டிப்போக மாட்டேன்.

முதல் 15, 20 மணி நேரம் இன்ஸ்ட்ரக்டர் பக்கத்தில் இருப்பார். நேராகப் பறப்பது, திரும்புவது, இறக்கை தூக்குவிசை இழக்கும் ஸ்டால் நிலைக்குப் போய் மீள்வது. அப்புறம் சர்க்யூட், அதாவது ஏறி, ரன்வேயைச் செவ்வகமாகச் சுற்றி வந்து, இறங்குவது. இதையே நூறு முறை. தரை இறக்கம் ஒருநாள் திடீரென்று பிடிபடும். அதற்கு முந்தின நாள் வரை 'எனக்கு இது வராது' என்று அழாத மாணவரை நான் பார்த்ததில்லை.

ஒருநாள் இன்ஸ்ட்ரக்டர் எஞ்சின் ஓடும்போதே கதவைத் திறந்து இறங்கிவிடுவார். "ஒரு சர்க்யூட், முழுசா நிறுத்து, வா" என்பார். அதுதான் சோலோ. பக்கத்துச் சீட் காலியாக இருப்பதால் விமானம் லேசாகி, வழக்கத்தைவிட வேகமாக மேலே ஏறும். அந்த ஏற்றத்தில்தான் ஆள் இல்லை என்பது உறைக்கும். திரும்பி வந்து இறங்கியதும் நண்பர்கள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். என் மாணவர்கள் சோலோ போன ஒவ்வொரு முறையும் ரன்வே ஓரத்தில் நின்றுகொண்டு, அவர்கள் சக்கரம் தரையைத் தொடும் வரை நான் மூச்சு விடவில்லை.

பகல் பத்து மணிக்கு மேல் வகுப்பு. பிற்பகலில் மறுபடி பறத்தல், சாயங்காலம் அடுத்த நாள் பயணத்துக்கு வரைபடத்தில் கோடு போட்டு, காற்றைக் கணக்கிட்டு, எரிபொருள் எவ்வளவு என்று எழுதி வைப்பது. ஒன்பதரைக்குத் தூங்கிவிட வேண்டும்.

மொத்தம் எவ்வளவு செலவாகும்? கடன் கிடைக்குமா?

இந்தியாவில் சி.பி.எல்., இரண்டு ரேட்டிங்குகளோடு சேர்த்து, சுமார் 45 முதல் 60 லட்சம் வரை ஆகிறது. தங்குமிடம், சாப்பாடு, தேர்வு, மெடிக்கல் தனி. உரிமம் கையில் வந்த பிறகு ஏர்பஸ் ஏ320 அல்லது போயிங் 737 போன்ற ஒரு விமானத்துக்கான டைப் ரேட்டிங் வேண்டும். அதற்கு இன்னும் 15 லட்சம் வாக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு? செஸ்னா 172 என்ற சின்னப் பயிற்சி விமானம் ஒரு மணி நேரத்துக்கு 30 லிட்டருக்கு மேல் விமான பெட்ரோல் குடிக்கும், அந்தப் பெட்ரோல் கார் பெட்ரோலைவிட விலை அதிகம். உதிரிபாகமெல்லாம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும்.

கல்விக்கடன் உண்டு. ஆனால் 7.5 லட்சத்துக்கு மேல் போனால் வங்கி பொதுவாகச் சொத்து ஈடு கேட்கும். இங்கே பெற்றோரிடம் கைகூப்பிச் சொல்கிறேன்: இருக்கிற ஒரே வீட்டை அடமானம் வைத்து, மாதத் தவணை கட்ட வேறு வழியே இல்லாத நிலையில் இதில் இறங்காதீர்கள். உரிமம் வாங்கிய மறுநாளே வேலை என்பது யாருக்கும் உறுதியில்லை. இரண்டு வருடம் வேலையில்லாமல் இருந்தாலும் குடும்பம் தாங்குமா என்று கணக்குப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அரசுப் பள்ளி எதுவும் இல்லையா?

உத்தரப் பிரதேசத்தில் அமேதி மாவட்டம் ஃபர்சத்கஞ்சில் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி இருக்கிறது, 1980-களில் மத்திய அரசு நிறுவியது. நுழைவுத்தேர்வு, நேர்முகம், திறன் சோதனை எல்லாம் உண்டு, இட ஒதுக்கீடும் உண்டு. கட்டணம் தனியாருக்குப் பெரிதாகக் குறைவில்லை என்றாலும் ஒழுங்கும் விமானங்களின் எண்ணிக்கையும் நன்றாக இருக்கும். ஆங்கிலம், கணிதம், இயற்பியல், பொது அறிவுதான் தேர்வு. பிளஸ் டூ பாடத்தைப் பிடிமானமாகப் படித்திருந்தால் நம் பிள்ளைகள் தாராளமாக எழுதலாம். விண்ணப்பிக்காமல் விட்டுவிடாதீர்கள். திருவனந்தபுரத்தில் கேரள அரசின் ராஜீவ் காந்தி அகாடமியும், பெங்களூர் ஜக்கூரில் கர்நாடக அரசின் பயிற்சிப் பள்ளியும் நமக்குப் பக்கம்.

தமிழ்நாட்டில் பள்ளி இல்லையா?

ஒரு காலத்தில் நாம்தான் முன்னணியில் இருந்தோம். மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப் 1930-ல் தொடங்கியது. மீனம்பாக்கத்தில் பயணிகள் விமானம் பெருகப் பெருக, சின்ன விமானங்களுக்கு அங்கே வானத்தில் இடமில்லாமல் போனது. ஒரு ஜெட் இறங்க வேண்டியிருந்தால் பயிற்சி விமானம் வெளியே வட்டமடித்துக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புக்கும் மணிக்கணக்கில் பணம் ஓடும்.

பள்ளிகளெல்லாம் மகாராஷ்டிராவின் கோந்தியா, பாராமதி, துலே மாதிரி ஊர்களில் இருப்பதற்குக் காரணமும் இதுதான். அங்கே வானம் காலியாக இருக்கிறது. நம் பக்கம் சேலம் காமலாபுரத்தை, ஃப்ளையிங் ஸ்கூல்களுக்கு இடம் கொடுக்கும் நிலையங்களின் பட்டியலில் இந்திய விமான நிலைய ஆணையம் சேர்த்தது. கடப்பா, ஹூப்ளியும் அதே பட்டியலில் வந்தவை. வீட்டுக்குப் பக்கம் என்பதற்காக மட்டும் ஒரு பள்ளியைத் தேர்ந்தெடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

நல்ல பள்ளி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நேரில் போங்கள். அலுவலகத்தில் காபி கொடுப்பார்கள், ஏ.சி. அறையில் வீடியோ காட்டுவார்கள். அதெல்லாம் முடிந்ததும் ஹேங்கரை, அதாவது விமானங்கள் நிற்கும் கொட்டகையை, பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். நிற்கிற விமானங்களை எண்ணாதீர்கள், பறக்கிறவற்றை எண்ணுங்கள். நான் படித்த பள்ளியில் ஆறு விமானம் நின்றது, பறந்தது இரண்டு. ஒரு ப்ரொப்பெல்லர் வருவதற்காக நாலு மாதம் ஹாஸ்டலில் படுத்துக் கிடந்தோம். பறக்காமல் இருந்தால் கற்றதும் மறந்துவிடும், மறுபடி காசு கொடுத்து அதையே கற்க வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு விமானம் மாதம் 60 மணி நேரம் பறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து விமானம் என்றால் வருடத்துக்கு 7,200 மணி நேரம். ஆளுக்கு 200 என்றால் வருடத்தில் 36 பேர்தான் முடிக்க முடியும். அங்கே 150 பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்றால் உங்கள் பிள்ளை நாலு வருடம் காத்திருப்பான். பள்ளியிடம் இந்த மூன்று எண்ணையும் கேளுங்கள்: பறக்கும் நிலையில் எத்தனை விமானம், போன மாதம் மொத்தம் எத்தனை மணி நேரம் பறந்தன, இப்போது எத்தனை மாணவர்கள். பதில் சொல்லத் தயங்கினால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

அப்புறம் கேன்டீனில் பழைய மாணவர்களிடம் பேசுங்கள். எப்போது சேர்ந்தாய், இதுவரை எத்தனை மணி நேரம் ஆச்சு என்று கேட்டாலே உண்மை தெரிந்துவிடும். தமிழ்ப் பிள்ளை யாராவது கட்டாயம் இருப்பார்கள். "தம்பி, உன் தங்கச்சியை இங்கே சேர்ப்பியா?" என்று கேளுங்கள். முகத்தைப் பாருங்கள்.

மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டாதீர்கள். பறந்த மணிக்கு ஏற்றபடி தவணை என்று எழுத்தில் வாங்குங்கள். பாதியில் விலகினால் எவ்வளவு திரும்பும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். 2025 முதல் டி.ஜி.சி.ஏ. பள்ளிகளைத் தரம் பிரித்துப் பட்டியல் வெளியிடுகிறது, அதையும் பாருங்கள். முதல் பட்டியலில் உச்சப் பிரிவில் ஒரு பள்ளிகூட இடம்பெறவில்லை என்பதே பெற்றோர் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும் என்பதைக் காட்டுகிறது.

இன்னொரு விஷயம். பறக்காத மணி நேரத்தை லாக்புக்கில், அதாவது பறந்த நேரத்தைப் பதியும் ஏட்டில், எழுதித் தருகிறோம் என்று எந்த இடத்திலாவது சொன்னால் அன்றைக்கே வெளியேறுங்கள். எங்கள் தொழிலில் அதைப் 'பார்க்கர் பேனா மணி' என்பார்கள், விமானத்தில் பறக்காமல் பேனாவால் பறந்தது. 2011-ல் போலி மதிப்பெண் பட்டியலில் உரிமம் வாங்கியவர்கள் பிடிபட்டபோது கைதே நடந்தது. பிடிபடாமல் போனாலும், மேகத்துக்குள் மாட்டிக்கொள்ளும் ஒருநாளில் அந்தப் பேனா உதவிக்கு வராது.

வெளிநாட்டில் படிக்கலாமா?

அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து போன்ற இடங்களுக்குப் பலர் போகிறார்கள். விமானம் தாராளம், வானிலை சாதகம், ஒரு வருடத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் அந்த நாட்டு உரிமத்தை வைத்துக்கொண்டு இங்கே வேலைக்குப் போக முடியாது. இந்திய உரிமமாக மாற்ற வேண்டும். அதற்கு டி.ஜி.சி.ஏ. பேப்பர், இந்திய மெடிக்கல், வானொலி உரிமம் எல்லாம் வேண்டும். அதனால் அவற்றை இங்கேயே முடித்துக் கையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறுங்கள். ஏஜென்ட் சொல்லும் கட்டணத்தில் மாற்றும் செலவும் காலமும் இருக்காது, அதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஏர்லைன் நடத்தும் கேடட் ப்ரோகிராம் எப்படி?

ஏர்லைனே தேர்வு வைத்து எடுத்து, தான் இணைந்துள்ள பள்ளியில் பயிற்சி கொடுத்து, டைப் ரேட்டிங்கும் சேர்த்து, எல்லாம் சரியாக முடித்தால் வேலைக்கு எடுத்துக்கொள்ளும் முறை. மொத்தம் ஒரு கோடியைத் தொடும், தாண்டவும் செய்யும். பணம் தாங்கும் குடும்பத்துக்கு நல்ல வழி. ஒப்பந்தத்தில் வேலை 'உறுதி' என்று இருக்கிறதா, 'நிபந்தனைக்கு உட்பட்டது' என்று இருக்கிறதா என்பதை ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

முடித்ததும் வேலை கிடைக்குமா?

இந்தத் தொழில் அலை போல ஏறி இறங்கும். 2012-ல் கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸ் நின்றது, 2019-ல் ஜெட் ஏர்வேஸ், 2020-ல் கொரோனா, 2023-ல் கோ ஃபர்ஸ்ட். ஒவ்வொரு முறையும் அனுபவமுள்ள விமானிகள் வெளியே வந்து நின்றார்கள், புதிதாக முடித்தவர்கள் அவர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள். அதே 2023-ல்தான் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும், இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. அந்த ஒரு வருடத்தில் டி.ஜி.சி.ஏ. கொடுத்த சி.பி.எல். உரிமங்கள் 1,622. விமானமும் வருகிறது, போட்டிக்கு ஆளும் வருகிறது.

எழுத்துத்தேர்வு, மனத்திறன் சோதனை, சிமுலேட்டர், நேர்முகம் என்று ஏர்லைன்கள் வடிகட்டும். முதல் முயற்சியில் பேப்பர் பாஸ் செய்தவர்களுக்கும் பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்தவர்களுக்கும் முன்னுரிமை உண்டு. காத்திருக்கும் காலத்திலும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கை வருடா வருடம் செக் கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும், அதற்கும் செலவு. நான் அந்தக் காலத்தில்தான் இன்ஸ்ட்ரக்டர் ஆனேன். சம்பளம் குறைவு, ஆனால் சொல்லிக்கொடுத்தபோதுதான் நான் உண்மையில் பறக்கக் கற்றேன். கேப்டன் ஆக 1,500 மணி நேரமும் அதற்கான ஏ.டி.பி.எல்., அதாவது ஏர்லைன் டிரான்ஸ்போர்ட் பைலட் உரிமமும் வேண்டும்.

பெண் பிள்ளைக்கு ஒத்துவருமா?

ஏன் ஒத்துவராது? இந்திய விமானிகளில் சுமார் 15 சதவீதம் பெண்கள், உலக சராசரியைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. சரளா தக்ரால் 1936-லேயே, 21 வயதில், சேலை கட்டிக்கொண்டு உரிமத்துக்காகப் பறந்தார். என்னிடம் படித்தவர்களில் மிக மென்மையாகத் தரையிறக்கியவள் தேனியிலிருந்து வந்த ஒரு பெண். ஹாஸ்டல் பாதுகாப்பாக இருக்கிறதா என்பதை மட்டும் அம்மா நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

ஆபத்து இல்லையா, சார்? பயமாக இருக்கிறது.

ஒரு அம்மா அழுதுகொண்டே கேட்ட கேள்வி இது. பொய் சொல்ல மாட்டேன். பயிற்சி விமானங்களுக்கு விபத்து நடந்திருக்கிறது, உயிரும் போயிருக்கிறது. எஞ்சின் நின்றால் உடனே கல் மாதிரி விழும் என்ற நினைப்பு மட்டும் தவறு. காற்றில்லாத நாளில் 5,000 அடியில் எஞ்சின் நின்றால் செஸ்னா 172 சுமார் 13 கிலோமீட்டர் மிதந்து வரும். அந்த நேரத்தில் வயலையோ வெட்டவெளியையோ தேர்ந்தெடுத்து இறங்கத்தான் திரும்பத் திரும்பப் பழக்குகிறோம். எனக்குத் தெரிந்து பிள்ளைகளை அதிகம் ஆபத்தில் கொண்டுபோய் விடுவது வேடிக்கை காட்டத் தாழப் பறப்பதும், மோசமான வானிலையில் 'எப்படியாவது போய்விடலாம்' என்று நினைப்பதும்தான். அதனால் பிள்ளையிடம் ஒன்று சொல்லி அனுப்புங்கள்: "வானிலை சரியில்லைன்னா திரும்பி வந்துரு. பணம் போனாப் போகுது." வீட்டில் செலவுக்காகத் திட்டுவார்கள் என்ற பயத்தில் திரும்பாமல் போன மாணவர்களை எனக்குத் தெரியும். ஆண்டவன் புண்ணியத்தில் அவர்கள் பிழைத்தார்கள்.

நடுவில் மெடிக்கலோ பணமோ தடையாகிவிட்டால்?

அதுவரை படித்த பேப்பர் வீணாகாது. ஏர் டிராஃபிக் கன்ட்ரோலர், விமானப் பராமரிப்பு எஞ்சினியர், பயணத்திட்டம் போடும் டிஸ்பாட்சர் என்று பக்கத்து வேலைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித் தகுதி உண்டு, ஆனால் வானிலையும் நேவிகேஷனும் தெரிந்தவர் அங்கே ஒரு படி முன்னால் நிற்பார்.

சேர்ந்தாச்சு, அடுத்த வாரம் கிளம்புகிறேன். என்ன எடுத்துப் போக?

நல்ல கைக்கடிகாரம், விநாடி முள் உள்ளது. இரவுப் பறத்தலுக்குச் சின்ன டார்ச் இரண்டு, ஒன்று கெட்டால் இன்னொன்று. தொப்பி, தண்ணீர் பாட்டில். எல்லாச் சான்றிதழுக்கும் இரண்டு செட் நகல். காலணி தட்டையான அடியுள்ளதாக இருக்கட்டும், விமானத்தின் மூக்கை இடவலமாகத் திருப்பும் ரட்டர் பெடல் காலுக்குத் தெரிய வேண்டும். ஒரு கெட்டி அட்டை நோட்டு வாங்கி, ஒவ்வொரு நாளும் இறங்கியவுடன், சாப்பிடுமுன், அன்றைக்குத் தப்பாகச் செய்தது என்ன என்று எழுதுங்கள். என் முதல் நோட்டின் முதல் பக்கத்தில் 'இடது ரட்டர் அதிகம், வெளியே பார்க்கவில்லை' என்று இருக்கிறது. அதற்கு அடுத்த ஏழு பக்கத்திலும் அதேதான் இருக்கிறது.